கறுப்பு ஏறாத மாப்பிள்ளை

ஒரே ஒரு ஊரிலே, மழை வந்தால் முகம் சுளிக்கிற, வெயிலடித்தால் கையெடுத்துக் கும்பிடுகிற ஓர் ஊரிலே, வெடியும் காலண்டரும் கல்யாணப் பத்திரிகையும் செய்து உலகத்துக்கெல்லாம் அனுப்பிவிட்டுத் தன் வீட்டுச் சுவரில் மட்டும் போன வருசத்துக் காலண்டரையே தொங்கவிட்டிருக்கிற அந்த ஊரிலே, உப்புக்கிணற்றுத் தெருவில், செல்வக்கனி என்று ஒருத்தி இருந்தாள். அவளுக்குப் பிரஸ்ஸில் சீட்டு அடுக்குகிற வேலை. அவளோடு அதே மேசையில் பேச்சியும் நூர்நிஷாவும் அடுக்கினார்கள்.

அந்த வருசம் பிரஸ்ஸுக்கு ஒரு புது ஆர்டர் வந்திருந்தது. வெளியூர்ப் பிள்ளைகள் விருந்துக்குக் கூடினால் விளையாடுகிற ஜோடிச் சீட்டு. ஒருத்தி பெண்ணாக உட்கார வேண்டும். மற்றவர்கள் தரகர்கள். ஒவ்வொரு தரகரும் இதயம் போட்ட சீட்டில் இரண்டை இறக்கி, என் மாப்பிள்ளை இப்படிப்பட்டவன் அப்படிப்பட்டவன் என்று அளக்க வேண்டும். அளந்து முடித்ததும் எதிர்த் தரகர் சிவப்புக் கொடி போட்ட சீட்டு ஒன்றை அவன் தலையில் வைப்பார். அதுதான் அவனுடைய குறை. நிறையையும் குறையையும் பார்த்துப் பெண் ஒருவனை எடுக்க வேண்டும். சிரிப்பதற்கென்றே செய்த விளையாட்டு அது.

அச்சில் மூன்று கலர் ஏறிக் கறுப்பு மட்டும் ஏறாமல் போன ஷீட்டுகள் கொஞ்சம் கழிவில் விழுந்தன. இதயம் இருக்கும், கொடி இருக்கும், எழுத்து இருக்காது. கழிவுச் சீட்டை வெளியே கொண்டுபோவதற்கு அந்த பிரஸ்ஸில் தடையில்லை. ஆனால் ஒவ்வொரு சீட்டிலும் ஒரு மூலையை வெட்டிவிட்டுத்தான் கொண்டுபோக வேண்டும். மூலை வெட்டினது கழிவு, மூலை வெட்டாதது நல்ல சரக்கு. அதுதான் அங்கே சட்டம். பேச்சி அன்றைக்கு பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் மூலை வெட்டாமல் ஒரு கட்டைத் தூக்குவாளிப் பைக்குள் அமுக்கிக்கொண்டு வந்துவிட்டாள். நடந்ததுக்கெல்லாம் அதுதான் காரணம் என்று உப்புக்கிணற்றுத் தெருவில் இன்றைக்கும் சொல்கிறார்கள். அதற்கு மேல் காரணம் யாரும் தேடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், செல்வக்கனி வீட்டு முன்னறையில், கருவாட்டுக் குழம்பு சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு மூன்று பேரும் உட்கார்ந்து, வெற்றுச் சீட்டில் நீலப் பேனாவால் தோன்றினதையெல்லாம் எழுதினார்கள். செல்வக்கனிதான் பெண். அவளைச் சிரிக்க வைக்கவேண்டும் என்றுதான் மற்ற இரண்டு பேரும் வந்திருந்தார்கள். கார்த்திகை முகூர்த்தத்தில் அவளை அவளுடைய செத்துப்போன அக்காள் பொன்னுக்கனியின் புருசன் தவசிமுத்துவுக்கே கட்டிவைப்பது என்று முடிவாகி, மண்டபமும் பேசியாகிவிட்டது. அண்ணன் கதிரேசனும் தவசிமுத்துவும் பேப்பர்க் கடையில் கூட்டு. உறவு விட்டுப்போனால் கடையும் விட்டுப்போகும். அக்காள் எப்படிச் செத்தாள் என்று யாராவது கேட்டால் வயிற்று வலி என்று சொல்வார்கள். கேட்டவர்களும் அதற்கு மேல் கேட்காமல் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

"ஏட்டி பொண்ணே, தலையைக் குனி. மாப்ள வீட்டுக்காரங்க வந்திருக்கோம்ல" என்றாள் பேச்சி.

"என் மாப்பிள்ளைக்கு சர்க்கார் உத்தியோகம்" என்று நூர்நிஷா முதல் சீட்டை வைத்தாள். அடுத்ததையும் வைத்தாள். "மாமியார் கிடையாது. செத்துப் போயாச்சு."

"எப்போ?" என்றாள் செல்வக்கனி.

"பொண்ணு பார்க்க வர்றதுக்கு முன்னாடியே. அவ்வளவு நல்ல குடும்பம்."

பேச்சி கொடிச் சீட்டை ஓங்கி அடித்தாள். "தீபாவளிக்குத் தீபாவளிதான் குளிப்பான்!"

அப்புறம் பேச்சி தன்னுடைய மாப்பிள்ளையை இறக்கினாள். விடிஞ்சதும் எழுந்து டீ போட்டுக் கொடுப்பான். நீ பேசி முடிக்கிற வரைக்கும் அசையாம உட்கார்ந்து கேட்பான்.

"அப்படி ஒருத்தன் பூமியில கிடையாதுடி" என்றாள் செல்வக்கனி.

"அதான் சீட்டுல எழுதியிருக்கேன்."

நூர்நிஷா கொடிச் சீட்டை மெதுவாக அவன்மேல் வைத்தாள். யார் வான்னு கூப்பிட்டாலும் பின்னாடியே போயிடுவான்.

"இதெல்லாம் ஒரு குறையா? எங்க வீட்டு மனுசன் நான் வான்னு தொண்டை கிழியக் கூப்பிட்டாலும் வரமாட்டாரு" என்று பேச்சி சொல்ல, செல்வக்கனி ரொம்ப நாளைக்கப்புறம் சிரித்து, சிரித்தபடியே அந்த மூன்று சீட்டையும் அள்ளி மடியில் போட்டுக்கொண்டு, "வரச் சொல்லு அவனை" என்றாள்.

கதவு தட்டுகிற சத்தம் கேட்டது.

வாசலில் நின்றவன் உயரமுமில்லை குட்டையுமில்லை. கலர் ஒன்றின்மேல் ஒன்று சரியாக உட்காராத படத்தில் தெரியுமே, அதுபோல அவன் தோளோரமாக மெல்லிய ரோஸ் கோடு ஒன்று ஓடிற்று. அவன் உடம்பில் கறுப்பு என்பதே இல்லை. முடியும் மீசையும் கண்மணியும் பேனா மையின் நீலம். வெயில் அவன் முதுகில் அடிக்க, வீட்டுக்குள் விழுந்த அவன் நிழலும் நீலமாகவே விழுந்தது.

"யாரு வந்திருக்கா? சாப்பிட்டாச்சான்னு கேளு" என்று அடுப்படியிலிருந்து அம்மா குரல் கொடுத்தாள்.

"இன்னும் இல்லைம்மா" என்றான் அவன்.

குழம்பு மிச்சமிருந்தது. சாப்பிட்டான். தட்டைத் தானே கழுவி வைத்தான். அந்தக் காரியத்தைப் பார்த்துத்தான் தெருப் பெண்கள் ஜன்னலில் கூடினார்களே தவிர, அவன் நிழலைப் பார்த்து இல்லை.

கதிரேசன் கடையிலிருந்து வந்து எல்லாவற்றையும் கேட்டான். எந்த ஊர், யாருடைய மகன் என்று கேட்டதற்கு அவனிடம் பதில் இல்லை. கேட்கிற இடத்தில் பதில் இல்லாவிட்டால் தானே ஒன்றைச் செய்துகொள்கிற தெரு அது. பேப்பர் கரூர்ப் பக்கத்துச் சரக்கு, அதனால் பூர்வீகம் கரூர் என்றார் ஒருவர். மை பம்பாயிலிருந்து வருகிறது, அம்மா வழி வடக்கு என்றார் இன்னொருவர். இரண்டும் மரியாதையான ஊர்கள் என்பதால் தெரு திருப்திப்பட்டு, சீட்டு மாப்பிள்ளை என்று அவனுக்குப் பேரும் வைத்துவிட்டது.

கதிரேசன் மட்டும் திருப்திப்படவில்லை. ஆனால் தெருவே வாசலில் நிற்கும்போது இல்லை என்று சொல்லவும் அவனால் முடியவில்லை. "மண்டபம் பேசியாச்சு, மேளம் பேசியாச்சு. அந்த நேரத்துல மணவறையில எவன் உட்கார்ந்திருக்கானோ அவன் கட்டட்டும். இந்தச் சீட்டு உட்கார்ந்திருந்தா சீட்டு கட்டட்டும். இல்லேன்னா அத்தான் கட்டுவாரு. அதுக்கு மேல ஒரு பேச்சு கிடையாது."

மறுநாள் விடிந்ததும் செல்வக்கனியின் தலைமாட்டில் டீ இருந்தது. மத்தியானம் அவனைக் காணவில்லை.

இட்லிக்கடை மாடத்தி, "வாங்க மாப்ள, சூடா ரெண்டு இட்லி" என்று வாய் நிறையக் கூப்பிட்டிருக்கிறாள். அவன் போய்விட்டான். தின்ற பிறகும் எழவில்லை. சாயங்காலம் செல்வக்கனி போய் "வாங்க" என்றாள், வந்தான். வழியில் சைக்கிள்கடைக்காரர் "வாங்க தம்பி" என்றார், அங்கே போய்விட்டான். திரும்பவும் கூப்பிட்டாள். கடைசியாக யார் கூப்பிட்டார்களோ அவர்களுடைய ஆள் அவன். நெஞ்சில் கபடம் இல்லை, கூப்பிட்டால் மறுக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான். நூர்நிஷா தன் கையால் வைத்த குறை என்று அழுது, பிரஸ் கத்தரிக்கோலை எடுத்து வந்து அந்தக் கொடிச் சீட்டின் மூலையை வெட்டிக் கழிவாக்கிவிடப் பார்த்தாள். கத்தரி வாய் சீட்டில் பட்டதும் அடுப்படியில் நின்றவன் ஐயோ என்று காதைப் பிடித்துக்கொண்டான். காது மடலின் நுனி போயிருந்தது. அதோடு கத்தரிக்கோலைத் திருப்பிக் கொண்டுபோய்விட்டாள்.

ஆகவே தெரு ஒரு முடிவெடுத்தது. உப்புக்கிணற்றைச் சுற்றிக் கூடி நின்று, செல்வக்கனி கழுத்தில் தாலி ஏறுகிற வரைக்கும் இந்தத் தெருவில் யாரும் யாரையும் வா என்று கூப்பிடக்கூடாது என்று பேசிக்கொண்டார்கள். சொல்வது சுலபம், செய்கிறதுதான் பாடு. விருந்தாளி வாசலில் வந்து நின்றால் பார்த்தும் பார்க்காததுபோல நாற்காலியை மட்டும் நகர்த்திப் போட்டார்கள். பிள்ளைகளைச் சாப்பிடக் கூப்பிடத் தட்டைத் தட்டினார்கள், கோழிகளைக் கூப்பிடாமல் கூண்டுக்குள் துரத்தினார்கள். விருந்துக்கு வந்த சம்பந்தி வீட்டார்கள் கோபித்துக்கொண்டு வாசலோடு திரும்பினார்கள். மருந்துக் கடைக்காரர் தன் கடை வாசலில் எழுதியிருந்த நல்வரவின்மேல் நியூஸ்பேப்பர் ஒட்டினார். செல்வக்கனியின் கல்யாணப் பத்திரிகையிலேயே வருக என்கிற வார்த்தையை எடுத்துவிட்டு, 'நடக்கிறது, தெரிந்துகொள்ளவும்' என்று அச்சடித்தார்கள். பெரிய மனசுதான். ஆனாலும் அந்தத் தெருவில் நடக்கும்போது செல்வக்கனிக்கு மேலெல்லாம் குளிர்ந்தது. இப்படி ஒருவரும் ஒருவரையும் கூப்பிடாத வீடு ஒன்றைப் பற்றி அவளுக்குத் தெரியும்.

தெருவைக் கட்டலாம், ஊரைக் கட்ட முடியுமா? ஒருநாள் காலையில் அவனுக்கு எதிரே உட்கார்ந்து, சின்ன வயதில் தீப்பெட்டி ஆபீஸில் தான் கையைச் சுட்டுக்கொண்ட கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். மைக் கட்டின ஆட்டோ ஒன்று, பொதுக்கூட்டத்துக்கு அலைகடலெனத் திரண்டு வாரீர் வாரீர் என்று கத்திக்கொண்டே தெருவுக்குள் நுழைந்தது. போச்சு என்று நினைத்தாள். ஆனால் பயத்தில் வாய் நிற்காமல் பேசிக்கொண்டே இருந்தது. அவன் அசையவில்லை. கை மடியில், கண் அவள் முகத்தில். காயம் ஆறின இடத்தில் அவள் கதையை முடித்ததும், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அவன் ஆட்டோ போன திக்கில் கிளம்பிவிட்டான். கூட்டத் திடலில் அவனைக் கண்டுபிடித்துக் கூப்பிட்டு வந்தபோது அவளுக்கு விசயம் பிடிபட்டிருந்தது. தான் பேசுகிற வரைக்கும் அவன் போகமாட்டான்.

அன்றிலிருந்து பேசினாள். பிறந்தது, வளர்ந்தது, பள்ளிக்கூடத்தை விட்டது, மேசையடியில் பேச்சி அவிழ்த்துவிட்ட கெட்ட கதைகள், பெண் பார்க்க வந்து கேசரியைத் தின்றுவிட்டுப் பதில் சொல்லாமல் போனவர்கள், மழையில் நனைந்த காலண்டர்க் கட்டு, தனக்கு மட்டும் தெரிந்த வேப்பமரம், எல்லாவற்றையும் பேசினாள். யாரும் இதுவரை அவளைப் பேசி முடிக்கவிட்டதில்லை. முடிக்கவிட்டால் பேச்சு எத்தனை சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது என்பதும் அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது. தொண்டை கட்டியது. கண் உள்ளே போயிற்று. முகூர்த்தம் நெருங்க நெருங்க அவளிடம் மிச்சமிருந்தது ஒன்றே ஒன்றுதான். அதைச் சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம் அம்மா அடுப்படியில் பாத்திரத்தைக் கீழே போட்டாள்.

முகூர்த்த நாள் விடிந்தது. மண்டபத்து அடுப்பிலேயே அவன் டீ போட்டு, அலங்காரம் செய்துகொண்டிருந்தவளிடம் கொண்டுவந்து கொடுத்தான். குடிக்க நேரமில்லாமல் மணவறை ஓரத்தில் வைத்தாள். வாசல் வளைவில் நல்வரவை மறைத்து நியூஸ்பேப்பர் ஒட்டியிருந்தது. பன்னீர்ச் செம்போடு நின்ற பேச்சி வருகிறவர்கள்மேல் வாய் திறக்காமல் தெளித்தாள். அவன் பட்டு வேட்டியில் மணவறையில் உட்கார்ந்தான். அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். தவசிமுத்து முதல் வரிசையில், அவனும் பட்டு வேட்டியில், சட்டைப் பையில் சீப்போடு, சாந்தமாகக் காத்திருந்தான்.

ஐயர் தாலியைத் தட்டில் வைத்து எல்லோரும் தொட்டுக் கும்பிட அனுப்பினார். தட்டு திரும்பி வருகிற நேரத்தில் தவசிமுத்து எழுந்து, தன்மையாக, "தம்பி, இங்க வாங்க, ஒரு விசயம்" என்றான்.

சீட்டு மாப்பிள்ளை எழுந்து படியிறங்கினான்.

"வாங்க" என்றாள் செல்வக்கனி. அவன் திரும்பினான்.

"வாங்க தம்பி." இறங்கினான்.

"வாங்க." ஏறினான்.

மணவறைக்கும் முதல் வரிசைக்கும் நடுவில் அவன் போவதும் வருவதுமாக, வேட்டி தடுக்கி, இரண்டு பக்கமும் மரியாதையாகத் தலையாட்டிக்கொண்டு அலைந்தான். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். சிரிப்பு மண்டபம் முழுக்கப் பரவியது. "நேரம் போகுது" என்றார் ஐயர். "நேரம் போகுதுல்லா, நீங்க மேல ஏறுங்க அத்தான்" என்றான் கதிரேசன். தவசிமுத்து செருப்பைக் கழற்றினான். கழற்றிக்கொண்டே, கடைசி முறையாக, "வாங்க தம்பி" என்றான்.

அப்போது செல்வக்கனி பேச ஆரம்பித்தாள்.

"எங்க அக்காளுக்கு வயித்து வலி கிடையாது" என்றாள்.

அவன் இருந்த இடத்திலேயே, மணவறைப் படியில், உட்கார்ந்துவிட்டான். கை மடிக்குப் போயிற்று. இனி அவள் நிறுத்தினால் அவன் போவான். நிறுத்தாவிட்டால் அவன் கை தாலியைத் தொடாது. இரண்டும் தெரிந்தேதான் பேசினாள்.

பிள்ளை இல்லை என்று ஆனதும் அந்த வீட்டில் அக்காளோடு பேசக்கூடாது என்று தவசிமுத்து சொன்னதைச் சொன்னாள். மாமியார் பேசவில்லை, நாத்தனார் பேசவில்லை, வேலைக்கு வருகிறவள் பேசினால் அவளை நிறுத்தினார்கள். அடிக்கவில்லை, திட்டவில்லை, தட்டில் சோறு போட்டு மூடி வைப்பார்கள், சாப்பிட வா என்று ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. அக்காள் கிரைண்டரோடு பேசினாள், காலண்டரோடு பேசினாள். நாதஸ்வரக்காரர் சீவாளியை வாயிலிருந்து எடுத்துத் துணியில் சுற்றினார். தவசிமுத்து ஒரு செருப்பைப் போட்டு இன்னொன்றைக் காலால் தேடினான்.

"நிறுத்துடி" என்றான் கதிரேசன்.

நிறுத்தவில்லை. பொங்கலுக்கு வந்த அக்காள், நான் இங்கேயே இருந்துக்கிறேன் அண்ணே, ஒரு மூலையில கிடந்துக்கிறேன் என்று கேட்டதைச் சொன்னாள். கடையை நினைச்சுப் பாரு, போயிட்டு வா என்று அண்ணன் சொன்னதைச் சொன்னாள். போயிட்டு வா என்று அம்மா சொன்னதைச் சொன்னாள். தவசிமுத்து கூட்டத்துக்குள் புகுந்து வாசலுக்குப் போனான். பன்னீர்ச் செம்பை விட்டெறிந்துவிட்டு, "எங்கடா போற, முழுசாக் கேட்டுட்டுப் போடா!" என்று பேச்சி அவன் பின்னால் தெருவுக்கு ஓடினாள். அவன் உறவுக்காரர்கள் தலை குனிந்து எழுந்தார்கள். பிறகு இந்தப் பக்கத்து உறவுக்காரர்கள், பிறகு தெருக்காரர்கள். கேட்கக்கூடாதது என்றில்லை, தெரியாதது என்றும் இல்லை, தெரிந்ததை முகத்துக்கு நேரே கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியாமல் ஒவ்வொருவராக, நாற்காலி சத்தம் கேட்காமல் தூக்கி நகர்த்தி, போனார்கள். அம்மா உட்கார்ந்த வாக்கிலேயே பக்கத்தில் சாய்ந்தாள். நூர்நிஷா அவளைத் தாங்கி ஆட்டோவுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். ஐயர் தாலியைத் தட்டில் வைத்து, நேரம் தப்பிப்போச்சு என்று தட்டுக்கே சொல்லிவிட்டுப் பையைக் கட்டினார். கதிரேசன் கடைசிவரை நின்றான். அப்புறம் தோளில் கிடந்த புதுத் துண்டை எடுத்து மணவறைமேல் போட்டுவிட்டு அவனும் போனான்.

செல்வக்கனி யாரையும் பார்க்கவில்லை. படியில் உட்கார்ந்திருந்தவனையே பார்த்துச் சொன்னாள்.

"பஸ் ஸ்டாண்டுக்கு நான்தான் கூட்டிட்டுப் போனேன். பையை நான்தான் ஏத்திவிட்டேன். ஜன்னல் வழியா என் கையைப் பிடிச்சுக்கிட்டு, வாக்கான்னு நீ ஒரு வார்த்தை சொன்னா இறங்கிருவேன்டின்னா. நான் அண்ணனை நினைச்சேன். அம்மாவை நினைச்சேன். பஸ் எடுத்துட்டாங்க. போறேன்டின்னா. வர்றேன்னு சொல்லுக்கான்னேன். சொல்லலை. அப்புறம் சேதிதான் வந்துச்சு. அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்ற பிறகு அவளிடம் ஒன்றுமே இல்லை. காலி நாற்காலிகளுக்குமேல் மின்விசிறிகள் சுற்றின. வாழ்நாளில் முதல் தடவையாக அவள் பேசி முடித்திருந்தாள்.

அவன் எழுந்தான். துண்டை உதறித் தோளில் போட்டான். கடைசியாகக் கூப்பிட்டவன் தவசிமுத்து. அவன் மண்டபத்திலும் இல்லை, தெருவிலும் இருந்திருக்கமாட்டான். ஆனாலும் கூப்பிட்டது கூப்பிட்டதுதான். நாற்காலி வரிசைகளுக்கு நடுவே அவன் நடக்க ஆரம்பித்தான்.

ஒரு வார்த்தை போதும். வாயில் அந்த வார்த்தை வந்து நின்றது. கூப்பிட்டால் வருவான், அவளுக்குத் தெரியும். மாடத்தி கூப்பிட்டாலும் வருவான், மைக் கட்டின ஆட்டோ கூப்பிட்டாலும் வருவான். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, யாரும் கூப்பிடாமல் அவன் திரும்பிப் பார்க்கட்டும், உடனே கூப்பிட்டுவிடலாம் என்று இருந்தாள். விடியலில் அவன் போட்டுக் கொடுத்த டீ, மணவறை ஓரத்தில் ஆடை கட்டிக் கிடந்தது. எடுத்து ஆடையை ஒதுக்கிவிட்டு ஒரு மடக்குக் குடித்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அவன் வளைவுக்கடியில் வந்தான். வெளிவெயில் முகத்தில் பட்டு, அவன் நிழல் மட்டும் நீளமாக, நீலமாக, மண்டபத்துக்குள் மணவறைப் படிவரைக்கும் வந்து விழுந்தது. திரும்பிப் பார்ப்பான் என்று எந்தச் சீட்டிலும் எழுதியிருக்கவில்லை. நிழல் படியை விட்டு நகர்ந்து, நாற்காலிக் கால்களைத் தாண்டி, வாசற்படியைத் தாண்டி, அவனோடு போய்விட்டது.